சாலை உடையும் பக்கம்

ஆறு கரைபுரண்டு சாலையைக் கடந்து ஓடும் காட்சியைச் செய்திகளில் எத்தனையோ முறை பார்த்திருப்போம். ஒரு பக்கம் பழுப்புத் தண்ணீர் தளும்பி நிற்கும். தார்மேல் கணுக்காலளவு, சில இடங்களில் முழங்காலளவு ஓடி மறுபக்கம் சரியும். இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசையாக நிற்கும். யாராவது ஒருவர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நடுவில் போய் நின்று ஆழம் பார்த்துவிட்டு, ‘வரலாம், வரலாம்’ என்று கை காட்டுவார்.

அவர் கண் தண்ணீர் ஏறிவரும் பக்கத்தில் இருக்கும். சாலை உடைவதோ தண்ணீர் விழும் பக்கத்தில்.

சாலைக் கரை என்பது ஒரு மண்மேடு. அதன் மேல் ஜல்லி, ஜல்லிக்கு மேல் சில அங்குலத் தார், அவ்வளவுதான். தார்மேல் ஓடும்வரை தண்ணீருக்குப் பெரிய அவசரமில்லை. மறுபக்கச் சரிவில் இறங்கும்போதுதான் வேகமெடுக்கிறது. சரிவின் அடியில் மோதிச் சுழன்று முதலில் புல்லை உரிக்கிறது, பிறகு மண்ணைக் கரைக்கிறது. ஒரு குழி விழுகிறது. குழியின் சுவர் செங்குத்தாகி, இடிந்து இடிந்து சாலையை நோக்கி உள்ளே நகர்கிறது. ஓரமண் போனதும் தாருக்குக் கீழிருக்கும் ஜல்லி உதிரத் தொடங்குகிறது. கடைசியில் தார் மட்டும் கூரை இறவாணம் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். மேலிருந்து பார்த்தால் சாலை முழுசாக இருப்பதுபோலவே தோன்றும். கலங்கல் தண்ணீருக்கு அடியில் தார் எங்கே முடிகிறது என்பது யாருக்குத் தெரியும்? ஒரு துண்டு ஒடிந்து விழும். கொஞ்ச நேரத்தில் அடுத்தது. இப்படியே சாலையின் அகலம் முழுக்கப் போய்விட்டால், அந்தப் பக்கம் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் ஒரே வாய் வழியாகப் பாயும். அரை மணி நேரத்துக்கு முன் ஆழம் பார்த்தவர் நின்ற இடத்தில் இப்போது ஒரு புது ஓடை.

கிராமப்புற வெள்ளச் சேதத்தை வீடு, பயிர், ஆடுமாடு என்று கணக்கெடுக்கிறோம். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சேதம் எவ்வளவு பெரிதாகும், எத்தனை நாள் நீடிக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது, சாலையும் ஓடையும் வெட்டிக்கொள்ளும் சில இடங்கள்தான். ஓர் ஊருக்குள் போக ஒரே வழி, அந்த வழியில் நான்கு ஓடைப் பாலம் என்று வைத்துக்கொள்வோம். நான்கில் எது ரொம்பச் சின்னதோ, அது தாங்கும் அளவுதான் அந்த ஊர் தாங்கும் அளவு.

‘வலுவிழந்தது’ என்றால் என்ன பொருள்?

புயலைப் பற்றிய செய்திகளில் நம்மை ஏமாற்றும் சொல் ஒன்று உண்டு: வலுவிழந்தது. ‘புயல் கரையைக் கடந்து வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக மாறியது’ என்று கேட்டதும் மனசு ஆறிவிடுகிறது. வலு என்று இங்கே சொல்வது காற்றின் வேகத்தை மட்டும். அமெரிக்காவில் சூறாவளிகளுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுக்கும் சாஃபிர்-சிம்ப்சன் அளவுகோலும் காற்றை மட்டுமே அளக்கிறது. மழை அந்தக் கணக்கிலேயே கிடையாது. கடலோரத்தில் ஓடு பறப்பதும் மரம் சாய்வதும் காற்றால். உள்நாட்டுக் கிராமங்களை அடித்துக்கொண்டு போவது மழை. காற்று ஓய்ந்து, புயல் மெல்ல நகர ஆரம்பிக்கும்போதுதான் பல நேரம் அந்த மழை கொட்டுகிறது.

2011 ஆகஸ்ட் 28-இல் ஐரீன் புயல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக்குள் வந்தபோது அது சூறாவளி என்ற தகுதியை இழந்திருந்தது. ஆனாலும் ஒரே நாளில் 800 கிலோமீட்டருக்கு மேல் மாநிலச் சாலைகள் பாதிக்கப்பட்டன. 13 சிற்றூர்கள் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் துண்டிக்கப்பட்டன. 2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் சூறாவளி கரையேறியது ஃபுளோரிடாவில். அது பெரிய அழிவைச் செய்த இடங்களில் ஒன்றோ கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, வட கரோலினாவின் மேற்கு மலைகளில் இருக்கிறது. அங்கே புயல் வருவதற்கு முன்பே வேறொரு மழை பெய்து மண் நனைந்து ஊறிப்போயிருந்தது. அதற்கு மேல் விழுந்த ஒவ்வொரு துளியும் நேராக ஓடைக்குத்தான் போனது.

பெயர் வைத்த புயல்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களைப் புரட்டிப்போட்டது வெறும் மேலடுக்குச் சுழற்சி. டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. மழையைச் சென்டிமீட்டரில் சொல்லும்போது அதன் கனம் நமக்கு உறைப்பதில்லை. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1 கோடி லிட்டர் தண்ணீர். 10,000 லிட்டர் தண்ணீர் லாரி 1,000 வந்து கொட்டினமாதிரி. 95 சென்டிமீட்டர் என்றால் 95,000 லாரி. அதுவும் ஒரு சதுர கிலோமீட்டருக்குத்தான்.

அந்த மழையில்தான் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள். அதற்கு மேல் போக வழியில்லை. தண்டவாளத்துக்குக் கீழிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் ஸ்லீப்பர்களோடு அந்தரத்தில் தொங்கியது. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே சொன்ன தார் இறவாணம் புரிந்திருக்கும். இரும்பு வளைந்து தொங்குவதால் கீழே ஒன்றுமில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. தார்ச்சாலை அந்த உதவியைக்கூடச் செய்வதில்லை.

பூமி சூடாவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்றால், உண்டு. காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் அது பிடித்துவைக்கக்கூடிய ஈரம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். இது பழைய இயற்பியல், யாரும் மறுப்பதில்லை. ஆக, அதே மாதிரியான புயல் அதே பாதையில் வந்தாலும் கொண்டுவரும் மழை பழைய அளவில் இருக்காது. ஓடைக்கு மேல் கட்டிய பாலம் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது.

குழாயின் விட்டம்

கிராமத்துச் சாலைகளில் பாலம் என்று பெயர்ப்பலகை வைத்தவை குறைவு. பெரும்பாலானவை கல்வெர்ட்டுகள்: ஓடையின் குறுக்கே ஒன்றோ இரண்டோ சிமென்ட் குழாயைப் போட்டு, மேலே மண் கொட்டி, தார் ஊற்றிவிடுவார்கள். மேலே வண்டியில் போகிறவருக்கு ஓடையைக் கடந்ததுகூடத் தெரியாது. அந்தக் குழாயின் விட்டத்தை யாரோ ஒருவர் என்றோ ஒருநாள் முடிவுசெய்திருப்பார். எதை வைத்து?

பொறியியலில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ‘25 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’, ‘50 ஆண்டு வெள்ளம்’, ‘100 ஆண்டு வெள்ளம்’ என்று பிரிப்பார்கள். சின்னச் சாலைக்குச் சின்ன வெள்ளம், பெரிய சாலைக்குப் பெரிய வெள்ளம். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ‘25 ஆண்டு வெள்ளம்’ என்றால் இந்த வருஷம் வந்துவிட்டது, இனி 25 வருஷம் நிம்மதி என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு வருஷமும் அது வருவதற்கு 4 சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான். போன வருஷம் வந்ததா இல்லையா என்பது ஆற்றுக்கு ஞாபகம் இருக்காது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 25 வருஷம் நிற்கும் ஒரு கல்வெர்ட் தன் வாழ்நாளில் அந்த அளவு வெள்ளத்தையோ அதைவிடப் பெரியதையோ ஒரு முறையாவது சந்திக்க 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு என்றே வைத்துக்கொள்ளலாம். 100 ஆண்டு வெள்ளமே 30 ஆண்டில் ஒரு முறையாவது வர 26 சதவீத வாய்ப்பு உண்டு. அதுவும் பழைய மழைப் பதிவுகள் இன்றைக்கும் பொருந்தும் என்று நம்பினால்.

குழாய் விஷயத்தில் இன்னொன்றும் எளிதில் பிடிபடாது. 60 சென்டிமீட்டர் குழாய்க்குப் பதில் 120 சென்டிமீட்டர் குழாய் போட்டால் இரண்டு மடங்கு தண்ணீர் போகும் என்று தோன்றும். பரப்பே நான்கு மடங்கு. பக்கச்சுவரில் உராய்ந்து வேகம் குறைவதும் பெரிய குழாயில் கம்மி என்பதால், உண்மையில் ஏறக்குறைய ஆறு மடங்கு போகும். சின்னக் குழாய் ஆறு போட வேண்டிய இடத்தில் பெரிய குழாய் ஒன்று போதும். அந்த ஒரு பெரிய குழாய்க்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. அதில் மரம் சிக்காது.

வெள்ளத்தில் வருவது தண்ணீர் மட்டும் இல்லையே. வேரோடு பெயர்ந்த மரம், வேலிக் கம்பி, வைக்கோல், பிளாஸ்டிக், டிரம், சில இடங்களில் காரே வரும். முதலில் ஒரு கிளை குழாய் வாயில் குறுக்காக மாட்டும். அதில் புல்லும் சருகும் பின்னிக்கொள்ளும். பத்து நிமிஷத்தில் அது ஒரு பாய் மாதிரி ஆகிவிடும். வடிவமைப்புக் கணக்கில் குழாயின் கொள்ளளவு எவ்வளவாக இருந்தால் என்ன, அடைத்த குழாயின் கொள்ளளவு பூஜ்யம். 2021 ஜூலை 14 இரவு ஜெர்மனியின் ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இதுதான் பெரிய அளவில் நடந்தது. மரங்களும் வீடுபோலத் தங்கும் கேரவன் வண்டிகளும் கார்களும் பாலங்களின் வளைவுகளில் போய் அடைத்தன. ஒவ்வொரு பாலமும் ஒரு தற்காலிக அணையாகி, தண்ணீரைப் பக்கத்துத் தெருக்களுக்குள் திருப்பிவிட்டது. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாலங்களில் பெரும்பாலானவை இடிந்தன அல்லது சேதமாயின. 2023 பிப்ரவரியில் நியூசிலாந்தின் கேப்ரியல் புயலில் வேறு மாதிரி. மரம் வெட்டும் தோட்டங்களில் மலைச்சரிவில் அப்படியே விட்டுவைத்த கழிவுக் கட்டைகள் டன் கணக்கில் ஆற்றில் இறங்கிப் பாலங்களில் மோதின. மேலே மலையில் நிலத்தை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதற்கும் கீழே பாலம் நிற்பதற்கும் இருக்கும் தொடர்பை அந்த நாடு விசாரணை வைத்துப் பேச வேண்டியதாயிற்று.

அடைத்த குழாய்க்கு மேல் சாலைக்கரை அணையாக நிற்கிறது. ஆனால் அணை போலக் கட்டியதில்லை. தண்ணீர் ஏறி, வழிந்து, மறுபக்கம் அரித்து, முதலில் சொன்ன கதை தொடங்குகிறது. உடையும்போது தேங்கிய தண்ணீர் ஒரு சுவராகக் கீழே போய் அடுத்த கல்வெர்ட்டைத் தாக்கும். மழை மட்டும் என்றால் அது ஒருவேளை தாங்கியிருக்கும். இப்படி ஒன்று மேல் ஒன்றாக உடைந்து, ஒரே ஓடையில் அடுத்தடுத்த ஐந்தாறு பாலங்கள் போவதுண்டு. ஆவணத்தில் எல்லாம் ‘வெள்ளத்தில் சேதம்’ என்று ஒரே வரியில் பதிவாகும்.

தண்ணீரின் வேகம் செய்யும் வேலையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. அது உருட்டக்கூடிய கல்லின் எடையோ, பழைய ஆற்றியல் விதிப்படி, 64 மடங்கு. வெள்ளம் வடிந்த மலையோடையில் வீட்டளவு பாறை கிடப்பதைப் பார்த்து, இதை எப்படி இந்த ஓடை கொண்டுவந்தது என்று நாம் வாயைப் பிளப்பது இதனால்தான். அதேபோல 15 சென்டிமீட்டர் ஓடும் தண்ணீர் ஒரு ஆளைத் தள்ளிவிடும்; 30 சென்டிமீட்டர் சின்ன காரை நகர்த்தும்; 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிக்கொண்டு போகும். அமெரிக்காவில் வெள்ளத்தில் மூழ்கி இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வண்டியோடு தண்ணீரில் இறங்கியவர்கள். ‘வரலாம்’ என்று கை காட்டியவரைக் குறை சொல்லவில்லை. அவர் ஆழத்தைத்தான் பார்த்தார். கீழே சாலை இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் வழியில்லை.

பெரிய பாலமாக இருந்தால் கதை வேறு. அங்கே ஆபத்து அடியில். தூணில் மோதும் நீர் கீழ்நோக்கிச் சுழன்று தூணின் காலடி மணலைத் தோண்டும். 1987 ஏப்ரல் 5-இல் நியூயார்க் மாநிலத்தில் ஷோஹரி ஓடைப் பாலம் இப்படித்தான் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அமெரிக்காவில் பாலங்களின் அடி அரிப்பைத் தனியாக ஆய்வுசெய்வது கட்டாயமானது. இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது: வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது தோண்டிய குழியை, வடியும்போது அதே ஆறு மணல் போட்டு மூடிவிடும். அடுத்த வாரம் வந்து பார்க்கும் பொறியாளருக்குத் தூணைச் சுற்றி மட்டமான மணல் தெரியும். அது கெட்டியான பழைய மணலா, நேற்றுப் படிந்த தொளதொள மணலா என்று பார்வையால் சொல்ல முடியாது.

சாலை யாருக்கு அணை, யாருக்கு மேடு?

மலையில் ஒரு சிக்கல், சமவெளியில் வேறொரு சிக்கல்.

மலைப் பள்ளத்தாக்கில் மட்டமான நிலம் என்று கொஞ்சம் இருந்தால் அது ஆறு போட்டுக் கொடுத்தது. சாலை, வீடு, மின்கம்பம் எல்லாம் அந்தத் துண்டு நிலத்தில்தான் போட முடியும். ஆற்றுக்குப் பக்கத்திலேயே கிலோமீட்டர் கணக்கில் சாலை போகும். வெள்ளத்தில் ஆறு அகலத்தைக் கேட்கும்போது, வளைவின் வெளிப்புறத்தில் இருக்கும் சாலையைத்தான் எடுத்துக்கொள்ளும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021 நவம்பர் மழையில் நிக்கோலா ஆற்றை ஒட்டிய 8-ஆம் நெடுஞ்சாலை அப்படித்தான் போனது. பல கிலோமீட்டருக்குச் சாலை இருந்த இடத்தில் ஆறு ஓடியது. பழுதுபார்க்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

சமவெளியில் சாலையே ஒரு நீண்ட கரை. நிலம் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். தண்ணீர் பரவலாக, அகலமாக, மெதுவாக அந்தச் சாய்வில் வடிந்துகொண்டிருந்திருக்கும். குறுக்கே ஒன்றரை மீட்டர் உயரத்தில் சாலை போட்டு, வடிய நாலு குழாய் வைத்தால், மேல்பக்கத்து ஊர் ஏரியாகிவிடும். கீழ்ப்பக்கத்து ஊர் காய்ந்து கிடக்கும். அப்புறம் என்ன, இரவோடு இரவாக யாராவது ஜேசிபியைக் கொண்டுவந்து சாலையை வெட்டுவார்கள், மறுபக்கத்துக்காரர்கள் கம்போடு வந்து நிற்பார்கள். வெள்ளச் செய்திகளில் இந்தத் தகராறு ஓரத்தில் ஒரு வரியாக வந்து போகும். எனக்கு அதுதான் நடுப்பக்கச் செய்தியாகத் தோன்றும். ஏனென்றால் தண்ணீர் எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தச் சாலை போட்ட அன்றைக்கே யாரோ முடிவுசெய்துவிட்டார்கள். அந்த முடிவு எல்லோர் கண்ணுக்கும் தெரிவது வெள்ளம் வந்த பிறகுதான்.

சில நேரம் அரசே வெட்டும். 2022-இல் பாகிஸ்தானில் 3 கோடியே 30 லட்சம் பேரைப் பாதித்த வெள்ளத்தில், சிந்து மாகாணத்தின் மஞ்சர் ஏரி நிரம்பித் தளும்பியபோது, சேவான் போன்ற நகரங்களைக் காப்பாற்ற செப்டம்பரில் ஏரிக்கரையை அதிகாரிகள் வெட்டிவிட்டார்கள். தண்ணீர் போனது கிராமங்களுக்கு. சுமார் 1 லட்சம் பேர் இடம்பெயர வேண்டியிருக்கும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. வேறு வழி இருந்ததா என்று தூரத்திலிருந்து சொல்வது எளிது. ஆனால் நகரமா கிராமமா என்ற கேள்வி வந்தால் பதில் எந்தப் பக்கம் சாயும் என்பதை எல்லோரும் அறிவோம். அந்த வெள்ளத்தில் அந்த நாடு இழந்த, சேதமான சாலை சுமார் 13,000 கிலோமீட்டர்.

ஆனால் அதே மேட்டுச் சாலைதான் உயிரையும் காப்பாற்றுகிறது. 2008 ஆகஸ்ட் 18-இல் நேபாளத்தின் குசஹாவில் கோசி ஆற்றின் கிழக்குக் கரை உடைந்தது. பெரிய வெள்ளம்கூட இல்லை அன்று; அந்தக் கரை அமைப்பு வினாடிக்கு 9.5 லட்சம் கன அடி தாங்கக் கட்டியது, ஓடிக்கொண்டிருந்தது 2 லட்சத்துக்கும் குறைவு. கரை பலவீனமாக இருந்தது, அவ்வளவே. ஆறு தான் எப்போதோ கைவிட்ட பழைய தடங்களில் இறங்கி, வெள்ளத்தையே பார்த்துப் பழகாத பிகார் ஊர்களுக்குள் நுழைந்தது. 30 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஏறி நின்றது கரைகளிலும், மேடான சாலைகளிலும், ரயில் பாதைகளிலும்தான். மாட்டைக் கட்ட இடம், பாலிதீன் கட்டிப் படுக்க இடம், படகு வந்து அணைய இடம் எல்லாம் அதுதான். சாலையைத் தாழ்த்திப் போடு, தண்ணீர் வழிந்து போகட்டும் என்று சொல்லும் நிபுணர் இந்தக் காட்சியையும் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

வெயில் வந்த பிறகு

மழை நின்று வெயில் வந்ததும் ஆபத்து முடிந்தது என்று நினைப்போம். ஆற்றங்கரைச் சாலைகளில் பாதி விபரீதம் அப்போதுதான். வெள்ளம் நிறைந்திருந்தவரை தண்ணீரின் எடையே கரையைத் தாங்கிப் பிடித்திருந்தது. தண்ணீர் மளமளவென்று இறங்கிவிட்டால், ஊறிக் கனத்துப்போன மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். சாலையோடு சேர்ந்து பாளம் பாளமாகச் சரியும்.

உடையாத சாலையும் பழைய சாலை இல்லை. அடியில் மண் சேறாகியிருக்கும். 2005 கத்ரீனா சூறாவளிக்குப் பின் நியூ ஆர்லியன்ஸில் மூழ்கிக் கிடந்த தார்ச்சாலைகளைச் சோதித்தபோது, அவை இழந்த பலம் சுமார் 5 சென்டிமீட்டர் தார் அடுக்கை உரித்தெடுத்ததற்குச் சமம் என்று தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் நிவாரணச் சாமான் ஏற்றிய கனரக லாரிகளும், ஜல்லி லாரிகளும், பொக்லைனும் அதே சாலையில் வரிசையாக ஓடும். வெள்ளம் விட்டுவைத்ததை நிவாரணம் உடைக்கும்.

வழி துண்டானால் ஊருக்கு என்ன ஆகிறது என்பது மெல்லத்தான் தெரியவரும். வீடு நனையாதவர்கூட மாட்டிக்கொள்கிறார். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர் இருப்பார். பிரசவ நாள் நெருங்கியவர் இருப்பார். மாடு கறப்பதை நிறுத்த முடியாது, ஆனால் பால் வண்டி வராது. 2021-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மாட்டுத் தொழுவம் நல்லபடியாக நின்ற பண்ணைகளிலும் பாலைக் கீழே கொட்டினார்கள். வண்டி வர வழியில்லை. ஹெலீனுக்குப் பிறகு வட கரோலினா மலைகளில், ஹெலிகாப்டரும் ஜீப்பும் ஓடும் அந்த நாட்டில், சில குக்கிராமங்களுக்குச் சாமான் போனது கோவேறு கழுதை முதுகில்.

அப்புறம் பழுதுபார்ப்பு. இங்கேதான் கிராமத்துக்கும் மற்றவர்களுக்கும் உள்ள தூரம் பச்சையாகத் தெரியும். அந்த 2021 மழையில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் முக்கியச் சரக்குப் பாதையான 5-ஆம் நெடுஞ்சாலையும் 20-க்கு மேற்பட்ட இடங்களில் உடைந்தது. துறைமுகத்துக்குப் போகும் உயிர்நாடி என்பதால் இரவு பகலாக வேலை செய்து 35 நாளில் லாரிகளை ஓட விட்டார்கள். அசாதாரணமான வேலை, பாராட்டத்தான் வேண்டும். அதே மழையில், அதே மாநிலத்தில், நிக்கோலா ஆற்றோரச் சிற்றூர்களின் 8-ஆம் நெடுஞ்சாலை முழுசாகத் திறக்க ஏறக்குறைய ஓராண்டு ஆனது. ஆறே தடம் மாறியிருந்ததால் வேலை கடினம் என்பது உண்மை. யாருடைய அவசரம் முதலில் என்பதும் உண்மை.

அதைவிடக் கீழே ஒரு தட்டு இருக்கிறது: யாருடைய கணக்கிலும் இல்லாத சாலை. வட கரோலினா மலைகளில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போகும் வழி, அரசு பராமரிக்காத தனிச்சாலையும் தனிப்பாலமும்தான். நாலு குடும்பம் சேர்ந்து போட்டது. அது போனால் டெண்டர் விட ஆளில்லை. எந்த நாட்டில் பார்த்தாலும் இந்த வகைச் சாலை ஏதோ ஒரு பெயரில் இருக்கும். சேதப் பட்டியலில் மட்டும் இருக்காது.

பணம் வந்தாலும் ஒரு விதி குறுக்கே நிற்கும். பேரிடர் நிதி என்பது பல நாடுகளில் ‘முன்பு இருந்தபடி’ திருப்பிக் கட்டுவதற்குத்தான். 60 சென்டிமீட்டர் குழாய் போய்விட்டதா, இந்தா 60 சென்டிமீட்டர் குழாய்க்குக் காசு. பெரிதாகப் போட்டால் அது ‘மேம்பாடு’. அதற்கு வேறு கோப்பு, வேறு மேசை. ஐரீனுக்குப் பின் வெர்மான்ட்டின் சில ஊர்கள் இந்த வழக்காட்டத்தில்தான் காலத்தைக் கழித்தன. பெரிய பாலம்தான் வேண்டும் என்பது எழுத்தில் கட்டாய விதியாக முன்பே இருந்தால்தான் மத்திய நிதி கிடைக்கும் என்பது அவர்கள் கற்ற பாடம். பிறகு மாநிலமும் தன் விதிகளைத் திருத்தி எழுதியது. ‘முன்பைவிட நன்றாகக் கட்டு’ என்று 2015-இல் ஐ.நா.வின் செண்டாய் உடன்பாட்டில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டாயிற்று. மேசைக்கு மேசை அது வந்து சேர நாளாகும்.

எது நிற்கிறது என்பதற்கும் வெர்மான்ட்டிலேயே சாட்சி உண்டு. அங்குள்ள கிரீன் மவுண்டன் தேசிய வனத்தில், ஐரீனுக்கு முன்பே சில ஓடைகளில் வேறு மாதிரி கடவைகள் கட்டியிருந்தார்கள். குழாய்க்குள் ஓடையை நுழைக்காமல், ஓடை தன் முழு அகலத்தில், தன் சொந்தக் கல்லும் மணலுமான படுகையோடு பாலத்தடியில் போகும்படி விட்டிருந்தார்கள். முதல் நோக்கம் வெள்ளம்கூட இல்லை. மீன்கள் தடையில்லாமல் மேலே ஏற வேண்டும் என்பது. ஐரீன் வந்தபோது சுற்றுவட்டாரத்தில் குழாய்கள் பிய்த்துக்கொண்டு போக, இவை நின்றன. மீனுக்கு விட்ட வழியில் மரமும் போய்விட்டது.

எல்லா இடத்திலும் பெரிய பாலம் கட்ட எந்த ஊரிலும் காசு கிடையாது. அதனால் தரைப்பாலத்தை ஏளனமாகப் பேசுவதை நான் ஏற்பதில்லை. மூழ்கும் என்று தெரிந்தே, மூழ்குவதற்காகவே கட்டிய நல்ல கான்கிரீட் தரைப்பாலம், மூழ்காது என்று நம்பிக் கட்டிய மோசமான உயரப் பாலத்தைவிட மேல். அதன் இரகசியமும் தண்ணீர் விழும் பக்கத்தில்தான் இருக்கிறது: அங்கே ஆழமாக ஒரு கான்கிரீட் சுவர் இறக்கி, அதற்கு அப்பால் பெரிய கற்களைப் பரப்பியிருக்க வேண்டும். ஓரத்தில் ஆழம் காட்டும் அளவுக் கம்பம் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் நாட்டுப்புறச் சாலைகளில் இப்படிப்பட்ட கடவைகள் ஏராளம். ரெண்டு நாள் வழி மூடும், தண்ணீர் இறங்கியதும் சேற்றைத் தள்ளிவிட்டுத் திறந்துவிடலாம். உயரப் பாலங்களிலோ வேறொரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். பாலம் அசையாமல் கம்பீரமாக நிற்கும். இரண்டு பக்கமும் பாலத்தைச் சேரும் மண்கரை போயிருக்கும். ஆற்றின் நடுவில் ஏற வழியில்லாத ஒரு மேடை. பாலத்துக்கு ஒரு கணக்கு, கரைக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாகப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

உங்கள் பக்கத்துக் கல்வெர்ட் எந்த ரகம் என்று பார்க்கக் கோடைக்காலம்தான் தோது. ஓடை வற்றியிருக்கும்போது சாலையிலிருந்து இறங்கித் தண்ணீர் விழும் பக்கம் போங்கள். குழாய் வாய்க்குக் கீழே, ஓடையைவிட அகலமாக ஒரு குட்டை தோண்டியிருந்தால், குழாய் ஓடைக்குப் போதவில்லை என்று அர்த்தம். தண்ணீர் நெருக்கிக்கொண்டு வந்து அங்கே தன் கோபத்தைக் காட்டியிருக்கிறது. குழாயின் அடி விளிம்பு படுகையைத் தொடாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் அரிப்பு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. அப்புறம் மேல்பக்கம் வந்து, குழாய்க்கு மேலே சாலைச் சரிவில் நிற்கும் முட்செடியைப் பாருங்கள். அதில் எந்த உயரத்தில் பழைய வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் சிக்கிக் காய்ந்திருக்கிறதோ, போன மழையில் தண்ணீர் அதுவரை ஏறி நின்றிருக்கிறது. அங்கிருந்து தார் விளிம்பு எத்தனை சாண் என்று கையை வைத்தே அளந்துவிடலாம்.